இராசநாயகம் அண்ணையின் ஐந்தாவது நிரல்

நீரிழிவுக் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் அந்தக் கிளினிக்கில் தாதியாக நின்று, சீனியைத் தொடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்ன நான், பத்து மணித் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான் குடித்தேன். மருந்து அலுமாரியின் மேல்தட்டில், பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால், ஒரு சின்னப் போத்தலில் அதை ஒளித்து வைத்திருந்தேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி யாரும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப முடியாது.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து கதைத்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், சுகமான சாப்பாடுதான் சாப்பிடவேணும் எண்டு ஒராள் அளவுக்கு மிஞ்சி நிண்டால், அதுவும் ஒரு மனவருத்தமோ?" மற்ற எல்லாரும் சிரித்தீர்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மறுகையில் கொத்துரொட்டிப் பொட்டலமுமாக வருகிறவர்களோடு மல்லுக்கட்டும் ஆட்கள் நாங்கள். அளவுக்கு மிஞ்சி நல்லாகச் சாப்பிடுகிற ஒருவர் கிடைத்தால் மாலை போட்டு வரவேற்போம். நானும் அப்படித்தான் ஒருவருக்கு மாலை போட்டேன். அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டதால் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இராசநாயகம் அண்ணை வல்வெட்டித்துறைக்காரர். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆளைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்தாலும் வாயை மூடிக்கொண்டிருங்கள். முப்பது வருடம் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்துவிட்டு அறுபது வயதில் வீட்டோடு வந்தவர். வந்த அடுத்த வருடமே சீனி வருத்தம் பிடித்துவிட்டது. முதல் நாள் அவரைக் கிளினிக்குக்கு இழுத்து வந்தவர் மனைவி பூமணி அக்கா. அக்காவின் தம்பிமார் இரண்டு பேரும் கடற்றொழில். வெள்ளிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் மீன் மணக்கிற வீடு.

"மிஸ், உவருக்கு நல்லாப் பேசி விடுங்கோ. என்ரை சொல்லுக் கேக்கிற ஆள் இல்லை," என்றார் அக்கா.

பேசினேன். பேசுவதற்கு எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? சோறு எவ்வளவு, மரக்கறி எவ்வளவு, பழம் எவ்வளவு என்று மூச்சு விடாமல் சொன்னேன். எனக்குப் பின்னால் சுவரில் என் கையாலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டிய கடதாசி: 'சீனி ஒரு நஞ்சு.' அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து நான் சொன்னதெல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் சேவைக் காலத்தில் நான் சொன்னதை எழுதி எடுத்த முதல் நோயாளி அவர்தான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அடுத்த மாதம் வந்தபோது அந்தக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நாலு நிரல் கீறியிருந்தார். நேரம், சாப்பாடு, நிறை, சீனி அளவு. இஞ்சின் அறையில் எண்ணெய்யும் சூடும் எழுதிப் பழகிய கை. ஒரு நேரம்கூட விடுபடவில்லை. சீனி இறங்கியிருந்தது, நிறையும் குறைந்திருந்தது. மூன்றாவது மாதம் இன்னும் நல்லது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற சனத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி, "எல்லாரும் இந்த அண்ணையைப் பாருங்கோ" என்று சொல்லிப் பேச விட்டேன். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

நன்றாகக் கதைப்பார். ஒவ்வொரு முறையும் கப்பல் கதை ஒன்று வரும். "கப்பலிலை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆள் மாறும். அதை வோட்ச் எண்டு சொல்லுறது. வாறவன் 'நான் எடுத்திட்டன்' எண்டு வாயாலை சொல்லவேணும். சொல்லுமட்டும் போறவன் இஞ்சினை விட்டு அசையக்கூடாது. சீனி வருத்தத்திலை என்ன பிரச்சினை எண்டால், வோட்ச் எடுக்க வேறை ஆள் இல்லை. இருவத்துநாலு மணித்தியாலமும் நாங்கள்தான் நிக்கவேணும்." சனம் கை தட்டும். எல்லாரிலும் பலமாகத் தட்டியது நான். இருபத்துநாலு மணித்தியாலமும் தூங்காமல் நிற்கிறேன் என்று ஒரு மனிதன் சொல்கிறான், நான் நின்று கை தட்டுகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விட்டார். வெள்ளை அரிசி, கோதுமை மா, தேங்காய்ப்பால் என்று போனபோது நான் சந்தோசப்பட்டேன். பிறகு தோட்டத்து மரக்கறியை விட்டார், மருந்து அடிக்கிறார்கள் என்று. பிறகு மீனையும் விட்டார். கப்பல்காரர் கடலில் என்னென்ன ஊற்றுகிறார்கள் என்பதைத் தன் கண்ணால் கண்டவராம். கனடாவில் இருக்கிற தம்பி ஒவ்வொரு விடியவும் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்புவார். ஒன்றில் பால் கூடாது, அடுத்ததில் பருப்புக் கூடாது. கடைசியில் மிஞ்சியது தன் வளவில் நின்ற முருங்கையும் பசளியும், தானே கழுவிக் காயவைத்து இடித்த குரக்கனும்தான். குசினியில் இருந்த தன் சட்டி பானையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்விறாந்தையில் தனி அடுப்பு வைத்துவிட்டார்.

நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் சொன்ன எதுவும் முழுப் பொய் இல்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள்தான். கடலில் கழிவு ஊற்றுகிறார்கள்தான். கண்டபடி உளறுகிற ஆள் என்றால் நான் அன்றைக்கே பிடித்திருப்பேன். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்ததால் நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பிழை எங்கள் ஊர்ப் பிழை. இதை வேறு எங்கும் இவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டார்கள். நிறை இன்னும் இறங்குகிறதே என்று ஒரு நாள் கேட்டேன். "விரதம் மிஸ்," என்றார். நான் கொப்பியில் 'விரதம்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் விரதம் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் யார் கேள்வி கேட்பார்கள்? நானே வெள்ளிக்கிழமை விரதக்காரி. மச்சான் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் சதுர்த்தி, கலியாண வீட்டில் இலை போட்டால் சட்டி விரதம், ஒன்றும் இல்லாவிட்டால் பிரதோசம். சைவக்காரருக்குக் கலண்டரில் நாளா இல்லை? பிறகு பூமணி அக்கா சொன்னார்: "ஒரு மாசத்திலை இருவத்தொரு நாள் விரதம் மிஸ். கடவுளுக்கே அலுத்திருக்கும்."

அக்கா அதைச் சொல்வதற்கு முன் ஒரு தரம் தனியாக என்னிடம் வந்திருந்தார். மருந்து எடுக்கும் யன்னலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"மிஸ், எங்கடை வீட்டிலை மீன்தலைக்குத்தான் சண்டை. முப்பது வருசமா லீவிலை வரேக்கையெல்லாம் அவர் எடுப்பார், நான் பறிப்பன், அவர் திரும்ப எடுப்பார். இப்ப ஒன்பது மாசமாத் தலை எனக்குத்தான். ஒராளும் கேக்கிறதில்லை. தொண்டையாலை இறங்குதில்லை மிஸ்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, நீங்கள் குடுத்து வைச்ச ஆள். மற்றப் பெண்டுகள் மனுசனை ரொட்டிக் கடையிலை இருந்து இழுத்துக்கொண்டு வருகினம்." அக்கா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுசி தன் வீடு உடைகிறது என்று சொல்ல வந்தார், நான் பகிடி விட்டு அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. வழக்கம் போல அண்ணை முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். நான் இரத்த அமுக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருடைய கதை தடம் மாறியது. குரக்கன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் டீசல் என்றார். சனம் பகிடி என்று நினைத்துச் சிரித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் விரலில் குத்திப் பார்த்தால் சீனி நாற்பத்தொன்பது; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. காலையில் சீனிக் குளிசையை முழு அளவில் போட்டுவிட்டு, மூன்று கரண்டி கஞ்சியோடு வந்திருக்கிறார். நிறை அவ்வளவு இறங்கியபோதே குளிசையைக் குறைப்போமா என்று வைத்தியரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

குளுக்கோஸ் இருந்த தள்ளுவண்டி மண்டபத்தின் மற்ற அந்தலையில். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என் களவுப் போத்தல். அலுமாரியைத் திறந்து, பஞ்சுப் பெட்டியைத் தள்ளி விழுத்தி, சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுபோய் வாய்க்குக் கிட்டே வைத்தேன். அவர் பல்லைக் கிட்டிக்கொண்டார். என் கையைத் தட்டி, எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

"நஞ்சு," என்றார். "நீங்கள்தானே மிஸ்... எழுதி ஒட்டினனீங்கள்."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சிவப்பு எழுத்தும் பார்த்துக்கொண்டிருந்தது. ஊசியால் ஏற்றலாம் என்றால் கையை உதறுகிறார். இரண்டு பேரைக் கூப்பிட்டு அமத்திப் பிடிக்கச் சொல்லலாம். அது எனக்குத் தெரிந்த வழி. ஆனால் அமத்திப் பிடித்து வாயில் ஊற்றினால் புரைக்கேறும். ஊசியால் ஏற்றினாலும் அவர் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்க மாட்டார் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லியது. அவர் இன்னும் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தார். அந்த நிலை இன்னும் இரண்டு மூன்று நிமிடம்தான். சீனி நஞ்சில்லை என்று அந்த நேரத்தில் அவருக்கு விளங்கப்படுத்தவும் முடியாது. பதினாலு மாதமாக அவர் கேட்டது என்னிடம்தானே.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவருக்கு முன்னால் நேராக நின்றேன்.

"இராசநாயகம் அண்ணை, வோட்ச் மாறுது. நான் எடுத்திட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எடுத்திட்டியளோ?"

"ஓம். நான் எடுத்திட்டன். இனி என்ரை பொறுப்பு. நீங்கள் ஒண்டும் எழுதத் தேவையில்லை."

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. வாயைத் திறந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கால்மணித்தியாலத்தில் தெளிந்து, ஏன் எல்லாரும் சுற்றி நிற்கிறீர்கள் என்று கேட்டார். பின்வரிசையில் இருந்து ஒரு கிழவர், "மிஸ், உந்தப் போத்திலுக்குள்ளை இருந்தது சீனியோ?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? நாற்பது பேருக்கு முன்னால் இத்தனை வருடக் களவு பிடிபட்டது. அன்று பின்னேரம் கதிரையில் ஏறி அந்தச் சிவப்பு எழுத்துக் கடதாசியைக் கிழித்தேன்.

பூமணி அக்காவைக் கூப்பிட்டு, மனநலப் பகுதி வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுவோம் என்று சொன்னபோதுதான் அக்கா எனக்குத் திருப்பித் தந்தார். சத்தம் போடவில்லை.

"அவருக்கு வருத்தம் எண்டு இப்ப சொல்லுறியள். இவ்வளவு நாளும் நீங்கள்தானே மிஸ் கை தட்டினனீங்கள்?"

பிழை என்னில்தான் அக்கா என்று சொன்னேன். அப்போதுதான் அக்கா மற்றக் கதையையும் சொன்னார். மகள் தர்சிகாவுக்குத் தென்மராட்சிப் பக்கம் ஒரு இடம் பேசி முற்றாகிற தறுவாய். "கிளினிக் கொப்பியிலை ஒண்டும் எழுதிப் போடாதேங்கோ. தகப்பனுக்கு விசர் எண்டு ஆரும் அவையின்ரை காதிலை போட்டால் பிள்ளையின்ரை கதை முடிஞ்சுது." ஒரு பக்கம் மனிதன் எலும்பாகிக்கொண்டிருக்கிறார், மறுபக்கம் பிள்ளையின் கலியாணம். அது வருத்தமா இல்லையா என்ற உங்கள் கேள்வி, அந்த வீட்டில் இந்த இடத்தில்தான் நின்றது.

மனநலப் பகுதி வைத்தியர் என்னைவிட இருபது வயது இளையவர். ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். நான் நேராகவே கேட்டேன்: "டொக்டர், இது வருத்தமோ இல்லையோ?"

"எங்கடை புத்தகங்களிலை இதுக்கெண்டு தனிப்பேர் இன்னும் இல்லை மிஸ். சேர்க்கவேணும் எண்டு சிலபேர். நல்லாச் சாப்பிடுறவனையும் நோயாளியாக்கப் போறியளோ எண்டு சிலபேர். அவை அடிபடட்டும். இந்த மனுசன் கடைசியா எப்ப சந்தோசமாச் சாப்பிட்டவர்?"

எனக்குத் தெரியவில்லை. பதினாலு மாத சீனி அளவும் மனப்பாடம். இது தெரியவில்லை.

அக்காவின் கலியாணக் கதையையும் சொன்னேன். வைத்தியர் அக்காவைக் கூப்பிட்டு இருத்தி, "அக்கா, எழுதினால் அவருக்குப் பிரயோசனம் எண்டால் கட்டாயம் எழுதுவன். கலியாணத்துக்காக மறைக்கமாட்டன். கொப்பியை நிரப்பவேணும் எண்டதுக்காக எழுதவும் மாட்டன்," என்றார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மழுப்பாமல் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அண்ணை வந்து கதிரையில் இருந்ததும் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். நானும் ஒரு பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு விசர் எண்டு நினைக்கிறியளோ டொக்டர்?"

"இல்லை."

"நான் சுத்தமாச் சாப்பிடுறன். அது வருத்தமோ?"

"வருத்தம் எண்டு பேர் வைச்சால் அடுத்த வியாழன் வருவியளோ, வைக்காட்டி வருவியளோ?"

அண்ணை இதை எதிர்பார்க்கவில்லை. "வைக்காட்டி வருவன்."

"அப்ப இப்போதைக்கு வைக்கேல்லை. பிறகு தேவைப்பட்டால் உங்களுக்குச் சொல்லிப்போட்டு வைப்பன். கொப்பியைக் காட்டுங்கோ."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "வடிவான எழுத்து. ஆனால் ஒரு நிரல் குறையுது."

நாலு நிரலில் ஒரு எழுத்துப் பிழை என்று சொல்லியிருந்தாலும் அண்ணை தாங்கியிருப்பார். நிரல் குறைகிறது என்றதும் முகம் சிவந்துவிட்டது. "என்ன குறையுது?"

"ஆரோடை சாப்பிட்டனீங்கள் எண்டு இல்லை."

வைத்தியர் மேசை லாச்சியில் இருந்து அடிமட்டத்தை எடுத்துக் கொடுத்தார். அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓரத்தில் கோடு ஒன்று இழுத்தார். மேலே 'ஆரோடை' என்று எழுதினார். நேற்றைய சாப்பாட்டுக்கு நேரே 'தனிய' என்று எழுதினார். முந்தாநாளுக்கும் 'தனிய'. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு நிரலை அரைகுறையாக விட்டுப் பழகாத மனிதர். முன்பக்கத்துக்குப் புரட்டிக் கோடு இழுத்தார், எழுதினார். அதற்கு முன்பக்கம். ஏழாவது பக்கத்தில் பேனையை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டொக்டர், நடுக்கடலிலைகூட நான் தனிய இருந்து சாப்பிட்டதில்லை."

அந்த அறையில் அழுதது அவரில்லை, நான்தான். யன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் போனது என்று நினைக்காதீர்கள். குளிசையைக் குறைத்தோம். வாரத்தில் ஒரு நேரம் குசினியில், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும், அவருடைய கஞ்சியாக இருந்தாலும் பரவாயில்லை என்று தொடங்கினார் வைத்தியர். பிறகு அக்காவின் சட்டியில் இருந்து ஏதாவது ஒன்று. முதல் தரம் வைத்த சொதியை அண்ணை கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டு, எங்களிடம் வந்து தானே சொன்னார். கை நடுங்கியது டொக்டர், குடித்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடித்தது என்றார். அன்றைக்கு வைத்தியர் கிளினிக் கொப்பியில் ஒன்று எழுதினார். எழுதுவதற்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டினார்: 'சாப்பாடு பற்றிய கடும் பதகளிப்பு. தனியச் சாப்பிடுகிறார். நிறை ஆபத்தாகக் குறைந்துள்ளது. உதவி ஏற்கிறார்.' அண்ணை கேட்டுவிட்டு, "உது சரிதான்," என்றார். கண்டதை எழுதினால் மனிதர்கள் கோபிக்கிறதில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கனடாத் தம்பியின் காணொளிகளுக்கும் ஒரு முடிவு வந்தது. அக்கா போனை எடுத்து அவரைப் பேசிய பேச்சில் இரண்டு மாதம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இனி முன்வரிசைப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். தனிப்பெயர் கொடுப்பதா இல்லையா என்று புத்தகம் எழுதுகிறவர்கள் முடிவு செய்யட்டும். பெயர் வந்தால் நல்லது, பெயர் இருந்தால் சில பேர் வேளைக்கு வருவார்கள். விசர் என்ற சொல்லுக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்து ஆளையே பறிகொடுத்த குடும்பங்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் குரக்கன் தின்னுகிற எல்லாரையும் பிடித்து மனநலப் பகுதிக்கு அனுப்பிவிடாதீர்கள். கொக்குவிலில் இருக்கிற என் தங்கச்சி பத்து வருடமாக வெள்ளைச் சோறு தொட்டதில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்தால் கறியை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டு, என் சோற்றைப் பார்த்து நக்கலடித்தபடி பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வாய்தான் கொஞ்சம் கூட. இராசநாயகம் அண்ணையும் அவளும் வெள்ளைச் சோற்றை விட்டவர்கள்தான். அவருக்குப் பயத்தில் கை நடுங்கியது, மனைவியோடு இருந்து சாப்பிட முடியவில்லை, தன் உயிர் போகிற நேரத்திலும் வாயைத் திறக்க முடியவில்லை. அது போதும் எனக்கு. அது வருத்தம்தான். புத்தகத்தில் வராவிட்டாலும் வருத்தம்தான்.

நிறை குறைந்தால் சந்தோசப்பட முன் ஏன் என்று கேளுங்கள். விரதம் என்று சொன்னால், எந்த விரதம், வீட்டில் வேறு யார் பிடிக்கிறார்கள் என்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். மனைவி தனியாக வந்து யன்னலுக்குப் பக்கத்தில் நின்றால், தயவு செய்து பகிடி விடாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன், ஒரு செவ்வாய்க்கிழமை, பூமணி அக்கா வரிசையையும் பாராமல் நேராக என் மேசைக்கு வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

"மிஸ், உவருக்கு நல்லாப் பேசி விடுங்கோ."

தர்சிகாவின் கலியாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. "என்ன அக்கா, திரும்பத் தொடங்கிட்டாரோ?"

"நாலாஞ்சடங்குக்கு என்ரை தம்பி நல்ல விளைமீன் கொண்டு வந்தவன். நான் குழம்பு வைச்சு, தலையை எனக்கெண்டு எடுத்து ஒரு சிரட்டையாலை மூடி வைச்சிட்டு, சம்பந்தியாக்களுக்குச் சோறு போடப் போனன். திரும்பி வந்து பாக்கிறன், தலை உவர்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை இருக்கு. சம்பந்தி பாக்கப் பாக்கச் சூப்பிக்கொண்டு இருக்கிறார். ஒரு வெக்கம் இல்லை."

அண்ணை அக்காவுக்குப் பின்னால் நின்றார். கொப்பியை நீட்டினார். அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். நேரம் எழுதியிருந்தது. சாப்பாடு என்ற இடத்தில் 'மீன்தலை' என்று மட்டும். நிறை என்ற நிரல் வெறுமையாக இருந்தது. ஐந்தாவது நிரலில் பூமணி, தர்சிகா, மாப்பிள்ளை, மச்சான்மார் இரண்டு பேர், சம்பந்தி, சம்பந்தியம்மா என்று பெயர்கள் நிரலுக்குள் கொள்ளாமல் கோட்டைத் தாண்டி ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியிருந்தன. சீனி பதினைந்து கூடியிருந்தது.

"அக்காவின்ரை தலையை ஏன் அண்ணை எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது என்ரை தலை மிஸ். முப்பது வருசமா என்ரை தலை," என்றார்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் பேசப்போகிறேன் என்று. சீனியும் கூடியிருக்கிறது, தலையும் களவு போயிருக்கிறது, பேசுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்குப் பேச வரவில்லை.